திரையைப் பார்ப்பது யார் பொறுப்பு?

2010 ஏப்ரல் 20. மெக்சிகோ வளைகுடாவில், லூசியானா கரையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு அப்பால், ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ என்கிற மிதக்கும் ரிக், மக்கோண்டோ கிணற்றைத் தற்காலிகமாக அடைத்துவிட்டுக் கிளம்பும் வேலையில் இருந்தது. கிணற்றில் நிரம்பியிருந்த கனமான சேற்றைக் கடல்நீரால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். கனம் குறையக் குறையக் குழாயின் அழுத்தம் இறங்க வேண்டும். இரவு 9 மணி 1 நிமிடத்துக்கு அது ஏறத் தொடங்கியது. பம்பின் வேகம் மாறவில்லை. ஏழு நிமிடத்தில் அழுத்தம் 1,250 பிஎஸ்ஐயிலிருந்து 1,350க்குப் போனது. 9:08க்கு வேறொரு சோதனைக்காகப் பம்பை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் அழுத்தம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. 9:49க்கு வெடித்தது. 126 பேரில் 11 பேர் மாண்டார்கள். இரண்டு நாள் எரிந்து ரிக் மூழ்கியது. கிணற்றின் வாயை அடைக்க 87 நாள் ஆயிற்று.

மேடையில் இருந்த பதிவுகள் மேடையோடு கடலுக்குள் போய்விட்டன. ஆனாலும் அந்தக் கடைசி மணி நேரத்தை நிமிடக் கணக்கில் நம்மால் சொல்ல முடிகிறது. காரணம், அந்த எண்கள் அத்தனையும் அன்றிரவு கரைக்கு வந்துகொண்டே இருந்தன. கிணற்றுக்கும் ஹூஸ்டன் அலுவலகத்துக்கும் இடையே தொடர்பு இருந்தது. வெடித்த நிமிடம் வரை அது அறுபடவும் இல்லை. தொழில்நுட்பம் தன் வேலையைக் குறைவின்றிச் செய்தது. அந்த இரவு நேரத்தில், அந்தக் கிணற்றின் பாதுகாப்பை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கோடுகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று கரையில் எவருக்கும் வேலை ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

இதைவிட மனத்தை வருத்துகிற இன்னொரு செய்தியும் உண்டு. கிணற்றில் வைத்த சிமென்ட் பிடித்திருக்கிறதா என்று அறிய அன்று மாலை ஓர் அழுத்தச் சோதனை செய்தார்கள். ஒரு குழாயில் 1,400 பிஎஸ்ஐ, அதனோடு தொடர்புள்ள இன்னொரு குழாயில் சுழியம். இரண்டும் ஒத்துப்போக முடியாது. இரவு 8:52க்கு ரிக்கிலிருந்த நிறுவனப் பிரதிநிதி ஹூஸ்டனில் இருந்த பொறியாளரோடு போனில் பேசினார். ஒழுங்காக நடந்த சோதனையில் இப்படி இரண்டு விதமாக அளவு வராது என்று பொறியாளர் சொன்னதாகவும், சோதனையில் தனக்குத் திருப்திதான் என்று ரிக்கில் இருந்தவர் பதில் சொன்னதாகவும் பிற்கால விசாரணைக் குறிப்புகளில் இருக்கிறது. பேச்சு அத்தோடு முடிந்தது. ஒருவருக்குச் சந்தேகம் எழுந்தது, அதை அவர் வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். ஆனால் ‘அப்படியானால் பம்பை நிறுத்துங்கள்’ என்று சொல்வது யாருடைய கடமை என்பது இருவருக்கும் தெளிவில்லாமல் இருந்தது.

எண்ணெய்க் கிணறுகளையும் அலுவலகங்களையும் நொடிக்கு நொடி இணைக்கும் தொழில்நுட்பத்தைப் பற்றி இன்று எழுத வேண்டியிருப்பது இதனால்தான். இந்தியாவிலும் இந்த இணைப்பு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஓஎன்ஜிசி தன் ரிக்குகளையும் உற்பத்தி நிலையங்களையும் ‘ஸ்காடா’ என்கிற அமைப்பின் வழியே அலுவலகங்களோடு பிணைத்திருக்கிறது. தனியார் நிறுவனங்களும் அப்படியே. இனி எந்தப் பெரிய கிணறும் தனியாகத் தோண்டப்படப்போவதில்லை. இணைப்பு கொடுத்தாகிவிட்டது என்பதையே பாதுகாப்பு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம்தான் கவலை தருகிறது. இந்தப் பழக்கம் நிறுவனங்களிடம் மட்டும் இல்லை. அரசிடமும், கிணற்றை எதிர்ப்பவர்களிடமும், கிணற்றிலிருந்து வரும் எரிவாயுவில் சமைக்கும் நம்மிடமும் ஏதோ ஒரு வகையில் இருக்கிறது.

முதலில் அந்த இணைப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிடலாம். ரிக்கில் மட் லாகிங் கேபின் என்று ஒரு இரும்புக் கூண்டு இருக்கும். லாரியில் ஏற்றும் கன்டெய்னர் அளவு. உள்ளே ஏசி உறுமிக்கொண்டிருக்கும். ஒரு மூலையில், ஷேல் ஷேக்கர் சல்லடையிலிருந்து அள்ளி வந்த பாறைத்துகளைக் கழுவிக் காயவைத்த தட்டுகள், பக்கத்தில் ஒரு நுண்ணோக்கி. எதிரே மூன்று நான்கு திரைகள். அவற்றில் மேலிருந்து கீழாகப் பல நிறக் கோடுகள் ஊர்ந்துகொண்டே இருக்கும்: கொக்கியில் தொங்கும் எடை, பம்பின் வேகம், திரும்பி வரும் சேற்றின் அளவு, தொட்டி மட்டம், சேற்றோடு வரும் வாயு. அவற்றின் முன்னால் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் புவியியல் படித்த ஓர் இளைஞர், ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர்.

உள்ளே செலுத்தும் சேற்றைவிட வெளியே வருவது கூடுதலாக இருந்தாலோ, தொட்டி மட்டம் காரணமில்லாமல் உயர்ந்தாலோ, கிணற்றுக்குள் வாயுவோ எண்ணெயோ நுழைகிறது என்று பொருள். இதைக் ‘கிக்’ என்பார்கள். மட் லாகர் போனை எடுத்து டிரில்லரிடம் சொல்ல வேண்டும். டிரில்லர் பம்பை நிறுத்தி, கிணறு தானாகவே பொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பொங்கினால் பிஓபி என்கிற வால்வு அடுக்கைக் கொண்டு கிணற்றின் வாயை மூட வேண்டும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் இது அன்றாட வேலைகளில் ஒன்று. அரை மணி தாமதித்தால் மனிதக் கையை மீறிப் போய்விடலாம்.

அந்தக் கேபினில் ஊரும் கோடுகளே அப்படியே அலுவலகத் திரையிலும் ஊர்கின்றன. துளைக்கருவியின் முனைக்குச் சற்று மேலே இருக்கும் அளவுக் கருவிகள், குழாய்க்குள் ஓடும் சேற்றில் அழுத்தத் துடிப்புகளை உண்டாக்கித் தகவலை மேலே அனுப்பும். மூன்று நான்கு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து சேற்றின் வழியே வரும் இந்தச் செய்தி நொடிக்குச் சில பிட்டுகள்தான் நகரும். மேலே வந்ததும் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்குத் தாவி, கால் நொடியில் அலுவலகத்துக்கு இறங்கிவிடும். வட கடலில் கடலடி ஒளியிழை வடமே இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் ஒவ்வொரு மொழி பேசிக்கொண்டிருந்த நிலை மாறி, 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘விட்ஸ்எம்எல்’ என்கிற பொதுத் தரவு வடிவமும் உருவானது. நார்வேயில் கடலில் தோண்டும் கிணறுகளுக்குக் கரையிலிருந்தே வழிகாட்டும் மையங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கின்றன. 2019 ஜனவரியில் இவார் ஆசென் என்கிற உற்பத்தி மேடையின் கட்டுப்பாட்டு அறையே டிரான்ஹெய்ம் நகருக்குக் குடிபெயர்ந்தது.

இதில் நன்மை மிகப் பெரியது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு பொறியாளர் ஒரே நாளில் ஐந்து கிணறுகளுக்கு யோசனை சொல்ல முடிகிறது. ஹெலிகாப்டரில் பறந்து போகும் ஆட்கள் குறைகிறார்கள். ஆபத்தான இடத்தில் நிற்கும் உயிர்கள் குறைகின்றன. ரிக்கில் தூக்கக் கலக்கத்தில் ஒருவர் தவறவிடும் குறியை, காலையில் தெளிந்த கண்ணோடு அலுவலகம் வந்தவர் பிடித்துவிடலாம்.

ஆனால் இரண்டு பேர் பார்க்கிறார்கள் என்பது இரண்டு மடங்கு காவல் ஆகிவிடுவதில்லை. அலுவலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஏதாவது தவறென்றால் அங்கிருந்து போன் வரும் என்று ரிக்கில் இருப்பவர் நினைத்துக்கொள்வார். களத்தில் இருப்பவருக்குத் தெரியாததா, நாம் ஏன் நடுவில் நுழைய வேண்டும் என்று அலுவலகத்தில் இருப்பவர் நினைத்துக்கொள்வார். முன்பு ஒருவர் தலையில் முழுதாக இருந்த பொறுப்பு இப்படி இருவருக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. மக்கோண்டோவை ஆராய்ந்த அமெரிக்க அதிபரின் தேசிய ஆணையம் 2011 ஜனவரியில் தந்த அறிக்கை இதைத் தொட்டுக்காட்டியது. சரியான ஆள் சரியான நேரத்தில் சரியான கோட்டைப் பார்ப்பார் என்பதையே அந்த ஏற்பாடு முழுக்க நம்பியிருந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு பேரழிவையும் நினைவில் வைக்க வேண்டும். 1988 ஜூலை 6 இரவு, ஸ்காட்லாந்தையொட்டிய வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை வெடித்துத் தீப்பற்றியது. 167 பேர் இறந்தார்கள். அதோடு குழாய்களால் இணைந்திருந்த கிளேமோர், டார்ட்டன் மேடைகளில் இருந்தவர்கள் தூரத்தில் அந்தத் தீயைக் கண்ணால் பார்த்தார்கள். பார்த்தும் உற்பத்தியை உடனே நிறுத்தவில்லை. கரையிலிருக்கும் மேலிடத்தைக் கேட்காமல் நிறுத்தத் தயங்கினார்கள். கேட்கலாம் என்றாலோ, அந்தப் பகுதியின் தகவல் தொடர்புக்கே பைப்பர்தான் நடுநாயகமாக இருந்தது; அது எரிந்ததில் தொடர்பும் சிதைந்துபோனது. லார்டு கல்லன் விசாரணை 1990இல் 106 பரிந்துரைகளைத் தந்தது. பிரிட்டனின் கடல்சார் பாதுகாப்புச் சட்டமே அதன்பிறகு மாறியது. முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கம்பியின் மறுமுனையில் வைத்துவிட்டால், கம்பி அறும்போது அதிகாரமும் அறுந்துவிடும் என்பதை அந்த இரவு காட்டியது. இப்போது கட்டுப்பாட்டு அறைகளையே கரைக்கு மாற்றுகிற காலத்தில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். அசாம், தின்சுகியா மாவட்டம், பாக்ஜான். ஆயில் இந்தியா நிறுவனத்தின் ஐந்தாம் எண் கிணற்றில் 2020 மே 27 காலை பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது வாயு பீறிட்டு வெளியேறியது. இரண்டு வாரம் அப்படியே பொங்கியது. ஜூன் 9 அன்று தீப்பற்றியது. நிறுவனத்தின் தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு முகாம்களுக்குப் போனார்கள். பக்கத்தில் மகுரி மோட்டாபுங் என்கிற பெரிய ஏரி, அருகிலேயே டிப்ரு சைகோவா தேசியப் பூங்கா. மீன்பிடிப்பும் எருமை வளர்ப்பும் தேயிலைத் தோட்டமுமாக வாழ்ந்த ஊர்கள் அவை. தீ அடங்க நவம்பர் ஆயிற்று.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கடாகி தலைமையிலான குழு சொன்ன காரணங்கள் கவனமாகப் படிக்க வேண்டியவை. இரண்டாவது தடுப்பு உறுதிப்பட்டதா என்று சோதித்து அறியாமலேயே பிஓபியைக் கழற்றியிருக்கிறார்கள். அது எவ்வளவு ஆபத்தான கட்டம் என்ற புரிதல் போதவில்லை. ஒப்பந்த நிறுவனம், ஆயில் இந்தியா ஆகிய இரு தரப்பிலும் மேற்பார்வை குறைவு. அலுவலகத்தில் போட்ட திட்டத்துக்கும் களத்தில் நடந்த வேலைக்கும் பெரிய இடைவெளி. நம் விவாதத்துக்கு வேண்டிய முழுச் செய்தியும் இந்தக் கடைசிக் குறையில் இருக்கிறது. செயற்கைக்கோளும் ஒளியிழையும் வந்தது அந்த இடைவெளியை நிரப்பத்தான். தடுப்புக்காகச் சிமென்ட் வைத்த பிறகு எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று காகிதத்தில் இருக்கிறதோ, அத்தனை மணி நேரம் ஆகியிருக்கிறதா என்று திரையைப் பார்த்து ஒருவர் கேட்டிருந்தால் போதும். ‘ஆகும்வரை கழற்ற வேண்டாம்’ என்று அவர் சொல்லவும், அந்தச் சொல்லுக்கு ரிக் கட்டுப்படவும் வேண்டும்.

இது அசாமுக்கு மட்டும் உரிய சோகமும் இல்லை. ஆந்திரத்தின் கோதாவரிப் படுகையில் பாசர்லபுடி கிணறு 1995 ஜனவரி 8 அன்று பற்றி 65 நாள் எரிந்தது. 2021 மே 17 அன்று, டவ்தே புயலில், மும்பை ஹை எண்ணெய் வயல் அருகே ஊழியர்கள் தங்கியிருந்த பி-305 படகு மூழ்கி எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புயலைப் பற்றிய எச்சரிக்கைகள் முன்கூட்டியே வெளியாகியிருந்தன. செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. துறைமுகத்துக்குத் திரும்பலாமா, வயலை விட்டுச் சற்று விலகி நிற்கலாமா என்ற முடிவுதான் உயிர்களைத் தீர்மானித்தது. அந்த முடிவில் படகில் இருந்த வெல்டருக்கும் பிட்டருக்கும் எந்தப் பங்கும் இல்லை.

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இது அடுத்த வீட்டுக் கதையும் இல்லை. நரிமணம், குத்தாலம், கோவில்களப்பால் என்று வயல்களுக்கு நடுவே கிணறுகள் இருக்கின்றன. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் கசிந்தபோது நடந்ததை நாடே பார்த்தது. ஊர் மக்கள் அதிகாரி வர வேண்டும் என்று கூடினார்கள். போலீஸ் வந்தது, தடியடி நடந்தது, கைதுகள் நடந்தன. கசிந்த எண்ணெயைவிட அதிகமாக அன்று வெளியே வந்தது பல ஆண்டுகளாக இரு தரப்புக்கும் இடையே தேங்கியிருந்த அவநம்பிக்கை. நம் வயலுக்கடியில் என்ன ஓடுகிறது, அதை யார் கவனிக்கிறார்கள் என்பது அந்த ஊருக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டும் என்று எவரும் நினைத்ததாகவும் தெரியவில்லை.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டப்பேரவை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை வந்தது. ஏற்கெனவே இருக்கும் கிணறுகளை அச்சட்டம் தொடவில்லை. எண்ணெய் எடுக்க வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தை இங்கே நான் தீர்க்க முயலவில்லை. அது தொடரட்டும், ஜனநாயகத்தில் தொடரத்தான் வேண்டும். ஆனால் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒன்று இருக்கிறது. கிணறு இயங்கும் வரை, அதன் பிறகு அதை நிரந்தரமாக அடைக்கும் நாள் வரை, அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாக்ஜானில் விபத்து நடந்தது புதுக் கிணறு தோண்டும்போது அல்ல, ஏற்கெனவே வாயு தந்துகொண்டிருந்த கிணற்றைப் பராமரிக்கும்போது. பழைய கிணறுகளை அடைப்பதற்கும் ரிக் வந்தாக வேண்டும். பிஓபியைப் பூட்டிக் கழற்றியாக வேண்டும். கிணறே வேண்டாம் என்பவருக்கும் இந்த வேலை பத்திரமாக நடந்தாக வேண்டும்.

ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். மழைக்காலத்தில் இரவெல்லாம் கரையில் காவல் இருப்பது அவர் பொறுப்பு. கரை கசிவதைக் கண்டு அவர் குரல் கொடுத்தால், மண்வெட்டியும் மூட்டையுமாக ஓடுவது ஊர் பொறுப்பு. யார் பார்ப்பது, யார் கூப்பிடுவது, கூப்பிட்டால் யார் வருவது என்ற மூன்றும் மழைக்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருக்கும். கோடிக்கணக்கில் செலவு செய்து நாம் அமைத்திருக்கும் திரைகளுக்கு வேண்டியதும் இந்த மூன்றுதான்.

பார்ப்பவரிலிருந்து தொடங்குவோம். சிமென்ட் வைத்தல், அழுத்தச் சோதனை, சேற்றை மாற்றுதல், பிஓபியைக் கழற்றுதல் போன்ற கட்டங்கள் நடக்கும் நேரமெல்லாம் அலுவலகத்தில் ஒருவர், பெயர் குறிக்கப்பட்டவர், வேறு வேலை இல்லாதவர், திரையின் முன்னால் இருக்க வேண்டும். இரவு என்றாலும் ஞாயிறு என்றாலும் பண்டிகை என்றாலும். அவர் பெயர் ரிக்கில் டிரில்லருக்கும் மட் லாகருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவர் பெயரும் சொல்லப்பட வேண்டும். பத்துப் பேர் தங்கள் கைப்பேசியில் கிணற்றுக் கோடுகளைத் திறந்து பார்க்கலாம். அது கண்காணிப்பு ஆகாது. பத்துப் பேரும் ஆளுக்கொரு யோசனையை வாட்ஸ்ஆப்பில் தட்டிவிட்டால் ரிக்கில் இருப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

நிறுத்தும் அதிகாரம் இரு முனையிலும் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் களமும் நிறுத்தலாம், அலுவலகமும் நிறுத்தலாம். மறுபடி தொடங்குவது மட்டும் இருவரும் ஒத்துக்கொண்ட பிறகே. மக்கோண்டோவின் 8:52 மணி அழைப்புக்கு இந்த ஒரு விதி இருந்திருந்தால் அந்தப் பேச்சு வேறு விதமாக முடிந்திருக்கக்கூடும். தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்பதும் முன்பே எழுதியிருக்க வேண்டும்: மேலிடத்துக்குக் காத்திராமல் கிணற்றைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2016இல் வந்த கிணற்றுக் கட்டுப்பாட்டு விதிகள், ஆழ்கடல் கிணறுகளுக்கு நேரலைக் கண்காணிப்பைக் கட்டாயமாக்கின. தரவு எப்படி அனுப்பப்படும், ரிக்கும் கரையும் எப்படிப் பேசிக்கொள்ளும், தொடர்பு போனால் என்ன நடவடிக்கை என்று ஒவ்வொரு நிறுவனமும் திட்டம் எழுதிவைக்க வேண்டும் என்றன. 2019இல் அந்த விதிகளின் பல பகுதிகள் தளர்த்தப்பட்டபோதும் இந்தத் திட்டம் எழுதும் கடமை நீடித்தது. நம் நாட்டிலும் ஒவ்வொரு கிணற்றுக்கும் அப்படியொரு காகிதம் இருக்க வேண்டும். ரிக்கில் உள்ளவருக்குப் புரியும் மொழியில், கேபின் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் இதில் பங்கு உண்டு. நிலத்தில் உள்ள கிணறுகள் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் கீழும், கடலில் உள்ளவை எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் கீழும் வருகின்றன. இரண்டு அமைப்புகளும் ஆய்வுக்கு வரும்போது கருவி இருக்கிறதா, சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்கக் கூடாது. கடந்த மாதம் இரவு இரண்டு மணிக்கு இந்தத் திரையை யார் பார்த்தார், எத்தனை முறை வேலை நிறுத்தப்பட்டது, யார் நிறுத்தினார் என்று கேட்க வேண்டும். ஒரு முறைகூட நிறுத்தப்படவில்லை என்ற பதில் வந்தால் அது பாராட்டுக்கு உரியதாக இல்லாமல் இருக்கலாம். யாருக்கும் நிறுத்தத் துணிவில்லை என்பதும் அதன் பொருளாக இருக்கலாம்.

இங்கே தொழிலாளர்களின் அச்சத்தைப் பேசாமல் நகர முடியாது. நொடிக்கு நொடி பதிவாகும் தரவு, ரிக்கில் வேலை செய்பவர் தலைக்கு மேல் தொங்கும் கண்காணிப்புக் கேமராவாகவும் ஆகிவிடும். குழாயை இறக்க ஏன் இவ்வளவு நேரம் ஆயிற்று, பம்பை ஏன் இருபது நிமிடம் நிறுத்தினாய், ரிக்கின் ஒரு நாள் வாடகை எவ்வளவு தெரியுமா என்று கேட்கவும் அதே கோடுகள்தான் ஆதாரம். ஒப்பந்த ஊழியருக்கு இந்தக் கேள்வி வேலையையே பறிக்கும். அப்படி நடக்கும் என்று தெரிந்தால் அடுத்த முறை எந்த மட் லாகர் போனை எடுப்பார்? சந்தேகத்தின் பேரில் வேலையை நிறுத்தியதற்காக எவரும் தண்டிக்கப்பட மாட்டார் என்பது நிரந்தர ஊழியருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஒன்றுபோல எழுத்தில் இருக்க வேண்டும். சந்தேகம் பொய்யாகப் போனாலும் அப்படித்தான்.

நார்வே இதில் நமக்குச் சொல்வதற்கு ஒன்று வைத்திருக்கிறது. 1980 மார்ச் 27 அன்று அலெக்சாண்டர் கீலாண்ட் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்த நாடு அது. அங்கே அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து பாதுகாப்பைப் பேசும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புப் பிரதிநிதிக்கு, உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் வேலையை நிறுத்தச் சட்டப்படி உரிமை உண்டு. கரைக் கட்டுப்பாட்டு மையங்கள் வந்தபோது, மேடையில் ஆட்களைக் குறைக்கும் தந்திரமா இது என்று சங்கங்கள் கேள்வி கேட்டன. கேட்டதால் தொழில்நுட்பம் நின்றுபோகவில்லை. நம் தொழிற்சங்கங்களும் ஊதியம், பணி நிரந்தரம் ஆகியவற்றோடு, திரையின் மறுமுனையில் யார் என்ற கேள்வியையும் தங்கள் கோரிக்கையில் சேர்க்க வேண்டும். அது அவர்கள் உறுப்பினர்களின் உயிர்க்கேள்வி.

கடைசியாக ஊர். கிணற்றுக்கு அருகில் தூங்குபவர்கள் அவர்கள்தான். துளைத் தரவு முழுவதையும் ஊருக்குக் கொடு என்று நான் கேட்கவில்லை. பாறையின் தன்மை, எண்ணெய் இருப்பின் அளவு ஆகியவை நிறுவனத்தின் சொத்து. அதில் வணிகமும் இருக்கிறது, நாட்டின் நலனும் இருக்கிறது. ஆனால் இந்த வாரம் உங்கள் ஊர்க் கிணற்றில் ரிக் ஏறுகிறது, இன்ன தேதியில் ஆபத்தான கட்டம், சைரன் ஒலித்தால் இன்ன பாதையில் இன்ன பள்ளிக்கூடத்துக்குப் போங்கள், இன்ன எண்ணில் இரவும் பகலும் பதில் சொல்ல ஆள் இருக்கிறார் என்பது ரகசியம் ஆகாது. கிணற்றில் கட்டுப்பாடு தவறும் அறிகுறி தெரிந்த உடனே மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் எச்சரிக்கை தானாகப் போகும்படி செய்வது தொழில்நுட்பத்துக்குப் பெரிய காரியமே இல்லை. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தலைமை அலுவலகத்துக்குக் கால் நொடியில் போகும் செய்தி, அரைக் கிலோமீட்டரில் இருக்கும் ஊராட்சித் தலைவருக்குப் போகாமல் இருப்பதற்கு நியாயம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கும் கடமை உண்டு. குழாய் போகும் பாதையில் ஜேசிபியை இறக்கித் தோண்டுவதற்கு முன் கேட்க வேண்டும். வாயு நாற்றம் தெரிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு முதலில் தகவல் சொல்ல வேண்டும், கூட்டம் சேர்வது பிறகு. ஒத்திகைக்கு அழைத்தால் வர வேண்டும். போராடுபவர்கள் போராடலாம், ஆனால் கசிவை அடைக்க வரும் வண்டிக்கு வழிவிடுவது எந்தப் போராட்டத்துக்கும் தோல்வி ஆகாது. அதேபோல், கசிவு எங்கே என்று கேட்டு நிற்கும் மக்களைக் கலவரக்காரர்களாக நடத்துவதை நிர்வாகம் கைவிட வேண்டும். கதிராமங்கலத்தின் காயம் ஆற இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

டெல்டா மாவட்டங்களில் மாதந்தோறும் ஆட்சியர் தலைமையில் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டம் நடக்கிறது. வேளாண்மை, நீர்வளம், மின்வாரியம், கூட்டுறவு எல்லாத் துறை அலுவலர்களும் வந்து பதில் சொல்கிறார்கள். அந்த வரிசையில் கிணறுகளை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பான பொறியாளர் ஒருவருக்கும் நாற்காலி போட வேண்டும். அவர் கையில் இரண்டு தாள் இருந்தால் போதும். அடுத்த மாதம் எந்தெந்தக் கிணற்றில் என்னென்ன வேலை என்பது ஒன்றில். போன மாதம் எத்தனை முறை வேலை நிறுத்தப்பட்டது, ஏன் என்பது மற்றதில். தமிழில் எழுதி, கூட்ட அரங்கின் அறிவிப்புப் பலகையிலும் சம்பந்தப்பட்ட ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும். புதுச் சட்டம் தேவையில்லை, தனியாகப் பணம் ஒதுக்கவும் தேவையில்லை. ஆட்சியர் ஒரு கடிதம் எழுத வேண்டும், நிறுவனம் ஓர் ஆளை அனுப்ப வேண்டும், விவசாயச் சங்கங்கள் அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய கூட்டத்திலேயே இதைத் தொடங்கிவிடலாம்.